42 வருஷம் ரயில் நிற்காத 'பேய் ஸ்டேஷன்': ராத்திரி தங்கிப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது யார்?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் மீட்டர் கேஜ் காலத்தில் வளர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்க. "கடைசி வண்டி போனதுக்கு அப்புறம் அந்த ஸ்டேஷன் பக்கம் யாரும் போக மாட்டோம்" என்று ஒரு கதையாவது வரும். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், தண்டவாளத்தின் மேல் நகரும் வெளிச்சம், எல்லாம் அதில் இருக்கும். இப்போ அந்தக் கதைகள் வாட்ஸ்அப் ஃபார்வேர்டாகவும், சிவப்பு வட்டம் போட்ட யூடியூப் தம்ப்நெயிலாகவும் மாறிவிட்டன.

இந்தக் கதைகளில் பெரும்பாலானவற்றை யாரும் போய்ச் சோதித்தது இல்லை. ஆனால் ஒரு ஸ்டேஷன் விஷயத்தில் அது நடந்திருக்கிறது. மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் இருக்கும் பெகுன்கோடோர்தான் அது. 'இந்தியாவின் பேய் ஸ்டேஷன்கள்' என்று வரும் எந்தப் பட்டியலிலும் இந்தப் பெயர் இருக்கும். 1967-இல் மூடினார்கள், 2009-இல் திறந்தார்கள், 2017-இல் ஒரு குழு அங்கே ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தது. அவர்கள் கண்டது என்ன? நம்ம டெல்டாவின் காலி ஸ்டேஷன்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம் வாங்க.

கதை எங்கே ஆரம்பித்தது?

கொல்கத்தாவிலிருந்து சுமார் 260 கி.மீ. தூரம். ஜால்தாவுக்கும் கோட்சிலாவுக்கும் நடுவில், வயல்களுக்கு மத்தியில் தனியாக நிற்கும் சின்ன கட்டடம்தான் பெகுன்கோடோர் ஸ்டேஷன். சந்தால் ராணி லச்சன் குமாரியும் ரயில்வேயும் சேர்ந்து எடுத்த முயற்சியில் 1960 வாக்கில் திறக்கப்பட்டது. சுற்றுவட்டார ஊர்களுக்கு அது பெரிய வசதி.

ஏழே வருஷத்தில் எல்லாம் மாறியது. வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண் தண்டவாளத்தில் நடப்பதைப் பார்த்ததாக 1967-இல் ரயில்வே ஊழியர் ஒருவர் சொன்னார். ரயிலில் அடிபட்டு இறந்த பெண்ணின் ஆவி என்று ஊர் முடிவு செய்தது. அதன்பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் இறந்துபோக, பழி அந்த ஆவி மேல் விழுந்தது. அவர் மட்டும் இறந்தார் என்று ஒரு கதை. குடும்பத்தோடு குவார்ட்டர்ஸில் இறந்து கிடந்தார் என்று இன்னொரு கதை. ஒரே சம்பவம் இரண்டு விதமாகச் சொல்லப்படுவதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அங்கே வேலைக்கு வர ஆள் இல்லை. ஊழியர் இல்லாத ஸ்டேஷனில் ரயிலை நிறுத்த முடியாது. ரயில் நிற்காத ஸ்டேஷனுக்குப் பயணி எதற்கு வரப் போகிறார்? அப்படியே பூட்டிவிட்டார்கள். அடுத்த 42 வருஷம் ரயில்கள் அந்த ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அந்த இடம் வரும்போது பயணிகள் ஜன்னலைச் சாத்துவார்கள் என்பது வரை கதை வளர்ந்தது.

இதில் அடிபட்டது யார் என்று பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள்தான். ஆஸ்பத்திரி, காலேஜ், சந்தை எதுவாக இருந்தாலும் ரயில் பிடிக்கப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். ஒரு தலைமுறைக் குழந்தைகள், தங்கள் ஊர் பெயர்ப் பலகை இருந்தும் ரயில் நிற்காமல் போவதைப் பார்த்தே வளர்ந்தார்கள். 1990-களின் கடைசியில் கிராமத்தினர் கமிட்டி அமைத்து, ஸ்டேஷனைத் திறக்கச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார்கள். பேய் ஊரின் பெருமை என்று அவர்கள் நினைத்திருந்தால் மனு எழுதியிருப்பார்களா?

2009 ஆகஸ்டில், அப்போதைய ரயில்வே அமைச்சர் மம்தா பானர்ஜி ஸ்டேஷனைத் திறந்து வைத்தார். தனக்குப் பேய் மேல் நம்பிக்கை இல்லை என்றும் சொன்னார். முழு ஸ்டேஷனாக இல்லை, 'ஹால்ட்' ஆகத்தான் திறந்தார்கள். அதாவது ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது; டிக்கெட் கொடுக்க ஒரு தனியார் ஏஜென்ட். ரயில்கள் நிற்க ஆரம்பித்தன. ஆனாலும் பொழுது சாய்ந்தால் அங்கே ஆள் தங்க மாட்டார்கள் என்ற பேச்சு நிற்கவில்லை.

அந்த ஒரு ராத்திரி

2017 டிசம்பர் கடைசி வாரம். பஸ்சிம் பங்க விஞ்ஞான் மஞ்ச் என்ற அறிவியல் பிரசார அமைப்பைச் சேர்ந்த ஒன்பது பேர், போலீஸ் பாதுகாப்புடன் பெகுன்கோடோர் ஸ்டேஷனுக்குப் போனார்கள். (நம்ம ஊரில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இருக்கிறது இல்லையா, அதுபோன்ற அமைப்பு. இரண்டுமே அகில இந்திய மக்கள் அறிவியல் கூட்டமைப்பில் இருப்பவை.) டார்ச், கேமரா, திசைகாட்டி ஆகியவற்றுடன் விடிய விடிய உட்கார்ந்தார்கள்.

பேய் வரவில்லை. ஆனால் சத்தம் வந்தது! ஸ்டேஷனுக்குப் பின்பக்கமிருந்து விநோதமான ஒலிகள். வீடியோ எடுக்கப் போகிறவர்கள் வழக்கமாக அந்த இடத்தில் "காய்ஸ், ஓடுங்க" என்று கத்துவார்கள். இவர்கள் டார்ச் அடித்தார்கள். புதர் மறைவில் சில ஆட்கள். வெளிச்சம் பட்டதும் ஓடிவிட்டார்கள்.

பேய் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களைப் பயமுறுத்த உள்ளூர் ஆட்கள் சிலரே செய்யும் வேலை இது என்று குழு அறிவித்தது. 'பேய் டூரிசம்' என்ற பெயரில் ஆர்வலர்கள் வர ஆரம்பித்ததும், அதை வைத்துக் காசு பார்க்கவும் சிலர் கிளம்பிவிட்டார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

எங்கள் டெஸ்க்கில் இந்தச் செய்தியைப் பேசும்போதெல்லாம் ஒருவர் கேட்பார்: "ஒரு ராத்திரி பேய் வரலைனா, பேயே இல்லைனு ஆகிடுமா?" நியாயமான கேள்விதான். ஆகாது. ஆனால் அந்த ராத்திரி வேறொரு விஷயத்தை நிரூபித்தது. அங்கே கேட்ட சத்தத்துக்குக் காரணம் மனிதர்கள். டார்ச் அடிக்காமல் திரும்பி வந்திருந்தால், அதே சத்தம் இன்னொரு பேய் சாட்சியமாகப் பதிவாகியிருக்கும். அதற்கு முன்னால் பயந்து ஓடியவர்களில் எத்தனை பேர் டார்ச் அடித்துப் பார்த்தார்கள்?

அப்போ 1967-இல் நடந்தது என்ன?

இதற்கு ஒரு முக்கியமான பதில் இருக்கிறது. மேற்கு வங்கத்தின் பாங்குரா தொகுதி எம்.பி.யாக நீண்ட காலம் இருந்தவர், ரயில்வேக்கான நாடாளுமன்ற நிலைக்குழுத் தலைவராகவும் இருந்தவர் பாசுதேவ் ஆச்சாரியா. அவரது கணிப்பு இது: அந்த ஒதுக்குப்புறமான இடத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆவதைத் தவிர்க்க ரயில்வே ஊழியர்களே கட்டிய கதையாக இருக்கலாம்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் 1960-களின் ராத்திரி ஷிஃப்டைக் கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. மண்ணெண்ணெய் விளக்கு. சுற்றிலும் வயல். அடுத்த மனிதக் குரலைக் கேட்க வேண்டுமென்றால் அடுத்த ஸ்டேஷனுக்கு ஃபோன் போட வேண்டும். குடும்பத்தை அழைத்து வந்தால் பள்ளிக்கூடமோ டாக்டரோ பக்கத்தில் இல்லை. "எனக்கு அங்கே போக இஷ்டமில்லை" என்று மேலதிகாரியிடம் சொன்னால் மெமோ வரும். "பேய் இருக்கு சார்" என்று சொன்னால்? நடவடிக்கை எடுக்க அவரும் யோசிப்பார்.

ஆச்சாரியா சொன்னதும் நிரூபணம் இல்லை, யூகம்தான். ஆனால் ஒரு ஸ்டேஷன் எப்படிச் சாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது.

கை விளக்கும் டோக்கன் வளையமும்

ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது. அதற்காகப் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷன் வரை போக, டிரைவர் கையில் 'டோக்கன்' இருக்க வேண்டும். அது இல்லாமல் வண்டி நகராது. நிற்காமல் போகும் ரயிலுக்கு, பிரம்பு வளையத்தில் டோக்கனை மாட்டி, பிளாட்பாரத்தில் நின்று நீட்டுவார்கள். ஓடும் இன்ஜினிலிருந்து கையை விட்டு அதைப் பிடிப்பார்கள். தஞ்சை மாவட்ட மீட்டர் கேஜ் பாதைகளில் பயணம் செய்த பெரியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்.

இப்போ தூரத்தில் வயல் வரப்பில் நடந்து வரும் ஒருவர் கண்ணால் இதைப் பாருங்கள். அமாவாசை இருட்டு. ஆள் அரவம் இல்லாத ஸ்டேஷன். திடீரென்று ஒரு பச்சை வெளிச்சம் தோன்றி, இடமும் வலமும் ஆடி, மறைகிறது. நான் அங்கே இருந்திருந்தால் அடுத்த நாள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பேன்!

டெல்டாவின் சொந்தப் பேய்

வெளிச்சம் என்றதும் டெல்டாக்காரர்களுக்கு ஞாபகம் வருவது கொள்ளிவாய்ப் பிசாசு. வாயில் கொள்ளிக்கட்டையைக் கவ்விக்கொண்டு ராத்திரியில் வயலிலும் சதுப்பிலும் அலையும், கிட்டே போனால் விலகிப் போகும் என்பது நம்பிக்கை. மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் சம்பா வயல், வாய்க்கால் சேறு, முத்துப்பேட்டை பக்கச் சதுப்பு நிலம் என்று இந்தக் கதைக்கு ஏற்ற மண் நம்முடையது.

சேற்றுக்கு அடியில் காற்று புகாத இடத்தில் இலை தழைகள் அழுகும்போது மீத்தேன் வாயு உருவாகும். நெல் வயலிலிருந்தும் மீத்தேன் வெளியேறுகிறது என்பது உறுதியான அறிவியல். (மீத்தேன் என்றால் மன்னார்குடியில் வேறு ஒன்று ஞாபகம் வரும். அது பூமிக்கு அடியில் நிலக்கரிப் படிமத்தில் இருக்கும் வாயு. இது சேற்றில் இப்போது உருவாவது.) ஆனால் மீத்தேன் தானாகத் தீப்பிடிக்காது. பிறகு யார் பற்ற வைப்பது? பாஸ்பரஸ் கலந்த வாயுக்கள் காற்று பட்டதும் பற்றிக்கொள்வதுதான் காரணம் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். 2025-இல் அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் ஸேர் குழு இன்னொரு வழியைக் காட்டியது. தண்ணீரில் மேலெழும் நுண்ணிய வாயுக் குமிழ்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவு மின்பொறி உண்டாகிறது, அது மீத்தேனை மெல்ல எரியச் செய்ய முடியும் என்று ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள்.

அடுத்தது, வெள்ளைப் புடவை. இதில் என் முதல் சந்தேகம் கூகை மேல்தான். சாக்குருவி என்று ஊரில் பயப்படுவார்களே, அந்தப் பறவை. ஆளில்லாத கட்டடம், பழைய கூட்ஸ் ஷெட், ஓட்டுக் கூரை இடுக்கு எல்லாம் அதற்குப் பிடித்த வீடு. முகமும் அடிவயிறும் வெள்ளை. இறக்கை அமைப்பின் காரணமாகப் பறக்கும்போது கிட்டத்தட்ட சத்தமே வராது. ஆனால் கத்தினால் மனிதர் அலறுவது மாதிரி இருக்கும். ஸ்டேஷன் விளக்கொளியில் அது ஒருமுறை குறுக்கே போனால் போதும்.

வேடிக்கை என்னவென்றால், இதே பறவையை வயலுக்கு வரவழைக்க டெல்டா விவசாயிகள் மெனக்கெடுகிறார்கள். நெற்பயிரை நாசம் செய்யும் எலியைப் பிடிக்க ஆந்தைகள் வந்து உட்காரட்டும் என்று வயலில் 'டி' வடிவக் குச்சி நடுகிறார்கள். வயலில் உட்கார்ந்தால் நண்பன், ஸ்டேஷன் கூரையில் உட்கார்ந்தால் பேய்!

சரி, பார்ப்பதும் கேட்பதும் இல்லாமல் "யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது" என்பார்களே? இங்கிலாந்தின் கவன்ட்ரி நகர ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்த பொறியாளர் விக் டேண்டிக்கு இதுவே நடந்தது. ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம், உடம்பெல்லாம் சில்லிப்பு. தேடிப் பார்த்தபோது, புதிதாக மாட்டிய ஒரு மின்விசிறி, காதுக்குக் கேட்காத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வை உண்டாக்கியது தெரிந்தது. விசிறியைச் சரிசெய்ததும் 'ஆவி' போய்விட்டது. 1998-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஒரு சாத்தியம், அவ்வளவுதான். ராத்திரி ஷிஃப்ட்காரர்களுக்கு இன்னும் பொருத்தமானது 'அமுக்குவான்'. மூளை விழித்து உடம்பு விழிக்காத தூக்க முடக்கம் அது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். தூக்கம் கெட்டு முறை தவறும்போது இது அதிகம் வரும்.

நம்ம ஸ்டேஷன்களைக் காலி பண்ணியது யார்?

டெல்டா ரயிலுக்குப் புதிது கிடையாது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லேயே பாதை வந்துவிட்டது. மாயவரம் - முத்துப்பேட்டை பாதையைத் தஞ்சாவூர் மாவட்ட போர்டே தன் பணத்தில் போட்டது, 1894-இல் திறந்தார்கள். ஒரு மாவட்ட நிர்வாகம் சொந்தமாக ரயில் பாதை வைத்திருந்த ஊர் இது.

அப்படிப்பட்ட ஊரில் ஸ்டேஷன்கள் இருண்டது பேயால் இல்லை. நீடாமங்கலம் - மன்னார்குடி பாதையை 1970-களில் நிறுத்தினார்கள். 2011-இல்தான் மறுபடி ரயில் வந்தது. திருவாரூர் - காரைக்குடி பாதையில் அகலப்பாதைப் பணிக்காக 2012-இல் நிறுத்திய ரயில், முழு தூரமும் மறுபடி ஓடியது 2019 ஜூனில். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி எல்லாம் அந்தப் பாதையில் இருக்கின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி போகும் 37 கி.மீ. பாதை திறந்தது 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி. இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த கட்டடத்தில் செடி முளைக்கும், வௌவால் தொங்கும், ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளும். கதை பிறக்க இது போதும்.

திருவாரூர் - காரைக்குடி பாதை திறந்த பிறகு நடந்தது இன்னும் விசேஷம். லெவல் கிராசிங்குகளுக்குப் போதுமான கேட் கீப்பர்கள் இல்லை. அதனால் கேட் கீப்பர்களை ரயிலிலேயே ஏற்றிப் போனார்கள். கேட் வந்தால் ரயில் நிற்கும், ஒருவர் இறங்கிப் போய் மூடுவார், ரயில் தாண்டும், பின்பெட்டியில் இருக்கும் இன்னொருவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார். சுமார் 150 கி.மீ. போக ஆறு மணி நேரத்துக்கு மேல். பெகுன்கோடோரில் ஆள் இல்லாமல் போனதற்குப் பேயைக் காரணம் காட்டினார்கள். இங்கே அந்த வசதிகூட இல்லை, நேரடியாக ஆள் பற்றாக்குறை.

தனுஷ்கோடியை இதில் சேர்க்கலாமா?

'பேய் நகரம்' என்று தேடினால் முதலில் வருவது அதுதான். சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, பாம்பனிலிருந்து கிளம்பிய 653 எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் புயல் அலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது, வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. இன்று அந்த இடிபாடுகளுக்குப் பக்கத்தில் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன, சங்கு விற்கின்றன, மீன் வறுத்துக் கொடுக்கின்றன. இறந்தவர்களின் வீட்டாரும் இருக்கிறார்கள். அங்கே நின்று "அமானுஷ்யம்" என்று பின்னணி இசை போடுபவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

நீங்களே போய்ப் பார்க்க நினைத்தால்?

முதல் விஷயம், சட்டம். அனுமதி இல்லாமல் ரயில்வே இடத்துக்குள் நுழைந்தால், ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். 'கைவிடப்பட்ட' ஸ்டேஷன் என்றாலும் இடம் ரயில்வேயுடையதுதான். டெல்டாவில் பாழடைந்த கட்டடத்துக்குள் ராத்திரி போகிறவர்கள் பேயைவிடக் கண்ணாடிவிரியனுக்குத்தான் பயப்பட வேண்டும்.

அதைவிட எளிதான விசாரணை வீட்டிலிருந்தே செய்யலாம். உங்கள் ஊர் ஸ்டேஷன் கதையைச் சொல்பவரிடம் மூன்றைக் கேளுங்கள்: பார்த்தது நீங்களா, வேறு யாராவதா? எந்த வருஷம்? இறந்தவர் பெயர் என்ன? ரயிலில் அடிபட்டு யாராவது இறந்திருந்தால் ரயில்வே போலீஸில் வழக்கு இருக்கும், கிராமத்தில் இறப்புப் பதிவு இருக்கும். பெரும்பாலும் முதல் கேள்வியிலேயே "எங்க மாமா சொன்னாரு" என்று வந்து நிற்கும். அந்த மாமாவைக் கேட்டால் அவருக்கும் ஒரு மாமா இருப்பார்.

கடைசியாக ஒரு பாதை. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகத் தரங்கம்பாடி வரை மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 1986-இல் நிறுத்தினார்கள். திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்ய வருகிறவர்களும், டேனிஷ் கோட்டை பார்க்க வருகிறவர்களும் மயிலாடுதுறையில் இறங்கிப் பஸ் பிடிக்கிறார்கள். மறுபடி ரயில் விடச் சொல்லி அந்தப் பகுதி மக்கள் பல வருஷமாகக் கேட்டு வருகிறார்கள். 2028 வந்தால் அங்கேயும் 42 வருஷம் ஆகிவிடும்.